முகப்பில் நின்றால் அடுப்படி தெரியாது

காரைக்குடியில் பலகார ஆர்டர் எடுக்கும் என் ஆச்சியின் கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே போன்: "தம்பி, சீப்புச்சீடைக் கணக்கைக் காணோம்!" எங்கும் போகவில்லை, பக்கத்துப் பணியிடத்தில் (workspace, அதே கணினிக்குள் இன்னொரு திரைப்பரப்பு) இருந்தது.

நம் செட்டிநாட்டு வீட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் வந்தவர்களோடு பேச்சு, வளவில் விசேஷம், ரெண்டாங்கட்டில் பந்தி. முகப்பில் நின்றால் அடுப்படி தெரியாது. அதற்காக அடுப்பு அணைந்துவிடுவதில்லை. இதுவும் அப்படித்தான், திரை ஒன்று, கட்டு பல.

மின்ட்டின் சின்னமன் பதிப்பில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு வலது அம்பைத் தட்டினால் அடுத்த கட்டு, இடது அம்பில் திரும்பலாம். ஆச்சி தெரியாமல் தட்டியது இதைத்தான். ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் திறந்திருக்கும் ஜன்னலும் கூடவே வரும். எது எங்கே என்று குழம்பினால் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு: எல்லாக் கட்டும் ஒரே பார்வையில் விரியும். அங்கேயே கூட்டல் குறியைச் சொடுக்கினால் புதிதாக ஒன்று சேரும்.

அப்புறம், கண்ணில் படாத ஜன்னலும் ரேமை, அதாவது கணினியின் நினைவகத்தைத் தின்னும். அதனால் பத்துப் பன்னிரண்டு கட்டு வேண்டாம். ஆச்சிக்கு மூன்று: வாட்ஸ்அப் ஆர்டர், கணக்கு, சீரியல். மூன்றாவதை நான் போட்டுக் கொடுக்கவில்லை.