தெருமுனையில் கோலப்பொடி

வண்டிகள் வேகமாகத் திரும்பும் தெருமுனையைச் சரிசெய்ய முதலில் தேவைப்படுவது ஒரு படி கோலப்பொடி. முப்பது ஆண்டுகள் கட்டட வரைபடம் வரைந்தவள் சொல்கிறேன், அளவுநாடா காட்டாததை இது காட்டிக்கொடுக்கும். மதுரையில் எங்கள் முனைக்கு இதைத்தான் செய்தேன். காற்றில்லாத இரவில் மெல்லிசாகத் தூவுங்கள். தடிமனாகக் கொட்டினால் வண்டிகள் வழுக்கும். அரிசி மாவு வேண்டாம், எறும்புக்குத்தான் லாபம். மறுநாள் பள்ளி வேன்கள் போன பிறகு மாடியிலிருந்து பாருங்கள். வெள்ளை மிஞ்சியிருக்கும் இடம் எந்தச் சக்கரமும் கேட்காத இடம். எங்களுக்கு இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் மிஞ்சியது.

அகன்ற வளைவில் வண்டி வேகம் குறையாமலே திரும்பும். மிஞ்சிய இடத்தை அடைத்து வளைவை இறுக்கினால் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். கடக்கும் தூரமும் குறையும்: விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 9 மீட்டர் சாலை ஏழரை விநாடி, 6 மீட்டர் என்றால் 5 விநாடி. என் முழங்காலுக்கு இரண்டிலுமே இன்னும் நேரமாகும்.

உடனே சிமெண்ட் பூசிவிடாதீர்கள். மாநகராட்சி, போக்குவரத்துக் காவல் இரண்டிலும் எழுத்தில் அனுமதி வாங்கி, கூம்பும் மணல் மூட்டையும் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். குப்பை லாரி, தீயணைப்பு வண்டி இரண்டும் திரும்ப வேண்டும். வடிகால் வாயை மறிக்காதீர்கள். ஐப்பசியில் தெரு குளமானால் திட்டு உங்களுக்குத்தான்.

அடைத்த இடத்தில் நடும் செடி விஷயத்தில் நான் தவறியிருக்கிறேன். ஆடு மேயாது, தண்ணீர் கேட்காது என்று செவ்வரளி நட்டேன். தலைக்கு மேல் வளர்ந்தது. அதன் மறைவிலிருந்து சைக்கிளில் வந்த சிறுவன் ஸ்கூட்டரில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். அன்று மாலையே வெட்டினேன். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 115 செ.மீ.தான். அதனால் முனையை ஒட்டி ஏழெட்டு மீட்டருக்கு எந்தச் செடியும் 60 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. டேபிள் ரோஸ், குட்டை இட்லிப்பூ போதும். நித்தியகல்யாணியை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

கீரை ஆசை இருந்தால் முனையை விட்டுத் தெருவுக்குள், சுற்றுச்சுவர் ஓரத்துக்குப் போங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றது. ஆனால் ஈயம் மக்கிப்போகும் பொருளல்ல, பழைய சாலையோர மண்ணில் அப்படியே கிடக்கும். ஆகவே அந்த மண்ணில் விதைக்காதீர்கள். ஓர் அடி உயரத் தொட்டியில், வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். நடைபாதையில் 1.8 மீட்டர் வழி விட்டது போக மிஞ்சினால்தான் அங்கே தொட்டி.

சிறுகீரை 25 நாளில் பறிக்கத் தயாராகும். தூசி போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். முதல் கட்டு எதிர்வீட்டுக்குப் போகட்டும். நீங்கள் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே.