பழைய நெட்புக்கை நெட்வொர்க் வழியாக இமேஜ் எடுப்பது: எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

அசுஸ் ஈ பிசி, ஏசர் ஆஸ்பயர் ஒன் போன்ற நெட்புக்குகளில் சிடி டிரைவ் கிடையாது. டிஸ்க்கை அப்படியே இமேஜாக (முழு நகல் கோப்பாக) எடுத்து சர்வரில் வைக்கவும், ஒரே இமேஜைப் பல மெஷின்களில் இறக்கவும் நெட்வொர்க்தான் வசதி. இதற்கான குளோன்ஸில்லா, ஃபாக் இரண்டுமே இலவச மென்பொருள்கள். ஆனால் புது லேப்டாப்பில் முதல் முயற்சியிலேயே ஓடிய அதே செட்டப் நெட்புக்கில் பாதியில் நின்றுவிடும். பெரும்பாலும் மெஷினில் எந்தப் பழுதும் இருக்காது. 32 பிட் பிராசசர், 512 எம்பி அல்லது 1 ஜிபி ராம், 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் கார்டு, யூஇஎஃப்ஐ (புது மெஷின்களின் தொடக்க மென்பொருள்) இல்லாத பழைய பயாஸ் என்ற நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

தொடங்கும் முன் இரண்டு பழக்கங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சரியாக ஓடும் இன்னொரு மெஷினை அதே கேபிள், அதே ஸ்விட்ச் போர்ட்டில் போட்டுப் பாருங்கள். அதுவும் நின்றால் கோளாறு சர்வர் பக்கம். அது ஓடினால் நெட்புக் பக்கம். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

படி 1: பயாஸில் நெட்வொர்க் பூட் வசதியை இயக்குவது

சார்ஜரைச் செருகிவிட்டே தொடங்குங்கள். ஆன் செய்ததும் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். ஈ பிசியில் 'பூட் பூஸ்டர்' என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தொடக்கச் சோதனைகளைத் தாண்டிப் போவதால் எஃப்2 அழுத்தவே நேரம் கிடைக்காது. அடுத்து 'லேன் பூட் ரோம்' அல்லது 'நெட்வொர்க் பூட்' (டிஸ்க்குக்குப் பதில் நெட்வொர்க்கிலிருந்து மெஷினைத் தொடங்கும் வசதி) என்று இருப்பதை இயக்கி, சேமித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல மெஷின்களில் இந்த ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் பூட் பட்டியலில் நெட்வொர்க் தென்படும். பட்டியலை வரவழைக்க ஈ பிசியில் எஸ்கேப், ஆஸ்பயர் ஒன்னில் எஃப்12.

போன வாரம் செய்து வைத்த அமைப்பு இன்று காணவில்லை, தேதியும் பல வருடம் பின்னால் போயிருக்கிறது என்றால் பயாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் மேலே போவது வீண் வேலை.

வைஃபை வழியாக இந்த மெஷின்கள் நெட்வொர்க் பூட் ஆகாது. கேபிள் வேண்டும். லேன் போர்ட் உடைந்திருந்தால் யூஎஸ்பி லேன் அடாப்டர் மட்டும் போதாது, பயாஸ் அதை அடையாளம் காணாது. குளோன்ஸில்லாவை பென் டிரைவில் இருந்து பூட் செய்து, அடாப்டர் வழியாக இமேஜை சர்வருக்கு அனுப்புங்கள்.

படி 2: திரையில் வரும் எண்ணைப் படிப்பது

நெட்வொர்க் பூட் தோற்றால் 'பிஎக்ஸ்இ' (நெட்வொர்க் பூட் முறையின் பெயர்) என்று தொடங்கும் ஒரு எண் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இ61 என்றால் கேபிள் இணைப்பே இல்லை. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

இ51 என்றால் மெஷின்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து ஐபி முகவரி வரவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தும் இது வரும், அங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். மேனேஜ்டு ஸ்விட்ச்சில் (அமைப்புகளை மாற்றக்கூடிய ஸ்விட்ச்) ஸ்பானிங் ட்ரீ (இணைப்பு வளையங்களைத் தடுக்கும் வசதி) இயங்கினால், கேபிள் செருகிய போர்ட் சுமார் 30 விநாடி எதையும் கடத்தாது. நெட்புக் அதற்குள் கேட்டுக் களைத்துவிடும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க அந்தப் போர்ட்டில் 'போர்ட்ஃபாஸ்ட்' இயக்குங்கள். ஸ்விட்ச்சைத் தொட அனுமதி இல்லையென்றால், நடுவில் ஒரு சாதாரண சின்ன ஸ்விட்ச்சை வையுங்கள். நெட்புக் ரீஸ்டார்ட் ஆனாலும் பெரிய ஸ்விட்ச் பக்கத்து இணைப்பு அறுபடாமல் இருக்கும்.

இ53 என்றால் முகவரி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. டிஎச்சிபி அமைப்பில் 66ஆம் ஆப்ஷனில் சர்வர் முகவரியும் 67இல் கோப்புப் பெயரும் இருக்க வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் வீட்டு ரவுட்டர் இன்னொரு டிஎச்சிபியாக ஓடினாலும் இதே எண் வரும்.

இ32 என்றால் பெயர் தெரிந்தும், பூட் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி சர்வர் பதில் தரவில்லை. ஃபயர்வாலைப் பாருங்கள். யூடிபி 69ஐத் திறந்தால் மட்டும் போதாது. டிஎஃப்டிபி சர்வர் பதிலை வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பும். சோதனைக்காக ஃபயர்வாலைச் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

எந்த எண்ணும் இல்லாமல் கோப்பு இறங்கியதும் திரை உறைந்தால், அல்லது கோப்பு நினைவகத்தில் அடங்கவில்லை என்று இ79 வந்தால், சர்வர் இந்தப் பழைய பயாஸுக்கு யூஇஎஃப்ஐ மெஷின்களுக்கான கோப்பைக் கொடுத்திருக்கிறது. பயாஸ் மெஷினுக்கு 'பிஎக்ஸ்இலினக்ஸ்.0' அல்லது ஃபாக்கில் 'அண்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ' போக வேண்டும். இரண்டு வகை மெஷினும் கலந்திருந்தால், டிஎச்சிபியில் 93ஆம் ஆப்ஷனைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். பழைய பயாஸ் அதில் 0 என்று சொல்லும்.

படி 3: கெர்னலும் ராமும்

மெனு வந்துவிட்டது, தேர்ந்தெடுத்ததும் நின்றுவிட்டது. முதலில் பிராசசரைப் பாருங்கள். ஆட்டம் என்270, என்280 இரண்டும் 32 பிட் மட்டுமே. 64 பிட் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) கொடுத்தால் இந்தப் பிராசசருக்கு ஆகாது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். குளோன்ஸில்லாவில் 'ஐ686' பதிப்பை எடுங்கள். ஃபாக்கில் 32 பிட் கெர்னலும் அதற்கான இனிட் கோப்பும் (கெர்னலோடு இறங்கும் தொடக்கக் கோப்பு) சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஓடாது. குளோன்ஸில்லாவுக்கு அடிப்படையான லினக்ஸ், டெபியன்; அதன் 13ஆம் பதிப்பில் 32 பிட் கெர்னல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் டெபியன் 12 அல்லது அதற்கு முந்தையதை அடிப்படையாகக் கொண்ட பதிப்புகளைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள்.

பிராசசர் சரியாக இருந்தும் நின்றால் ராம்தான். குளோன்ஸில்லாவை நெட்வொர்க்கில் பூட் செய்ய வழக்கமாக 'ஃபெட்ச்' என்ற வரியைப் போடுவார்கள். அது சில நூறு எம்பி அளவுள்ள கோப்பு முழுவதையும் ராமுக்குள் இறக்கும். 512 எம்பி மெஷினில் கோப்புக்கே இடம் தீர்ந்து, வேலை செய்ய இடம் இருக்காது. இடமில்லை என்று வரலாம், கெர்னல் பேனிக் ஆகலாம், ஒன்றும் சொல்லாமல் உறையவும் செய்யலாம். ஃபெட்ச்சை எடுத்துவிட்டு, 'நெட்பூட்' வரியில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்பைப் படிக்கும் முறை) என்று கொடுத்து, கோப்பை சர்வரிலேயே வைத்துப் படிக்கச் செய்யுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் ஓடும். 1 ஜிபி ராம் பலகை ஒன்று கையில் இருந்தால் வேலை முடியும் வரை மாற்றிப் போடுவது இன்னும் சுலபம்.

படி 4: வேகம்

100 எம்பிபிஎஸ் கார்டில் விநாடிக்கு சுமார் 11 எம்பிக்கு (மெகாபைட்) மேல் போகாது. 160 ஜிபி டிஸ்க்கை ஒவ்வொரு செக்டராக அனுப்பினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பார்ட்குளோன் முறையில் பயன்படுத்திய பகுதி மட்டும் போகும். 30 ஜிபி என்றால் முக்கால் மணி நேரம் கணக்கு.

அதைவிட மிகக் குறைவாக ஓடினால் முதலில் கம்ப்ரஷனைச் சந்தேகப்படுங்கள். சுருக்கும் வேலையைச் செய்வது நெட்புக்கின் பிராசசர்தான், சர்வர் அல்ல. உயர்ந்த அளவு வைத்தால் ஆட்டம் திணறும், கேபிள் சும்மா கிடக்கும். எல்இசட்ஓ அல்லது மிகக் குறைந்த அளவு ஜிஜிப் போதும். இமேஜ் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

பிறகு டூப்ளெக்ஸை, அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிகிறதா என்ற அமைப்பைப் பாருங்கள். ஸ்விட்ச் பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டாயமாக வைத்து, நெட்புக் ஆட்டோவில் இருந்தால், நெட்புக் ஹாஃப் டூப்ளெக்ஸில் விழுந்து வேகம் படுத்துவிடும். இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே விடுங்கள்.

மல்டிகாஸ்டில் பத்து மெஷினுக்கு ஒரே நேரத்தில் இறக்கும்போது எல்லாமே மிக மெதுவான மெஷினின் வேகத்தில்தான் நகரும். டிஸ்க் தேய்ந்த ஒரு நெட்புக் மற்ற ஒன்பதையும் இழுத்துப் பிடிக்கும். அதைத் தனியாக எடுத்துச் செய்யுங்கள்.

படி 5: டிஸ்க் பக்கத் தகராறுகள்

விண்டோஸ் பகுதியைப் படிக்க மறுத்தால் அது சரியாக அணைக்கப்படவில்லை. ஹைபர்நேட் செய்யாமல், செக்டிஸ்க்கை எஃப் ஆப்ஷனோடு ஓட்டி, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, முறையாக ஷட் டவுன் கொடுங்கள். பேட் செக்டர் என்று நின்றால் 'ரெஸ்க்யூ' ஆப்ஷன் தாண்டிப் போக உதவும்; அந்த இமேஜை மற்ற மெஷின்களுக்கு மூலமாக வைக்காதீர்கள், உள்ளே ஏதோ ஒரு கோப்பு அரைகுறையாக இருக்கும்.

இறக்கும் டிஸ்க் மூல டிஸ்க்கைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. ஒரே 8 ஜிபி எஸ்எஸ்டி என்றாலும் இரண்டு தயாரிப்புகளுக்குள் சில செக்டர்கள் வித்தியாசப்படும். மூலத்தில் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு இமேஜ் எடுங்கள். இறக்கும்போது டிஸ்க் அளவுச் சோதனையைத் தவிர்க்கும் ஆப்ஷனைக் கொடுங்கள்.

இமேஜ் இறங்கியும் எக்ஸ்பி நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டினால், பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) அமைப்பைப் பாருங்கள். மூல மெஷின் ஐடிஇயில் இருந்து இது ஏஹெச்சிஐயில் இருந்தால் பூட் ஆகாது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஃபாக் மெனுவில் இருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகும்போது மட்டும் நின்றால் இமேஜில் தப்பில்லை; அந்த மெஷினின் 'எக்ஸிட் டைப்'பை (மெனுவிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் முறை) சான்பூட்டில் இருந்து கிரப்புக்கோ எக்ஸிட்டுக்கோ மாற்றிப் பாருங்கள்.

இமேஜ் எடுத்து முடித்ததும் அதைச் சரிபார்க்கட்டுமா என்று, எடுக்கத் தொடங்கும் முன்பே குளோன்ஸில்லா கேட்கும். நெட்புக்கில் அது மீண்டும் அத்தனை நேரம் பிடிக்கும் என்பதால், அங்கே தவிர்த்துவிட்டு, வேகமான வேறொரு மெஷினில் இருந்து அதே இமேஜைச் சரிபாருங்கள். அது தேறிய பிறகே மூல டிஸ்க்கை அழியுங்கள்.