வளையத்துக்குள் ஒரு வீடு: சிங்கப்பூரில் நாங்கள் தேடிய கதை

மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு தேடினால், வீட்டு முகவர் "பள்ளி பக்கம்தான் சார், நடந்தே போயிடலாம்" என்பார். நம்பாதீர்கள். ஒன்மேப் என்ற அரசு வரைபடத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பிடித்த புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) பள்ளியைச் சுற்றிய 1 கிலோமீட்டர் வளையத்துக்கு வெளியே விழுந்தது. எதிர் புளோக் உள்ளே. நடுவில் ஒரு சாலைதான்!

தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், இடத்தைவிட விண்ணப்பங்கள் கூடினால் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, அப்புறம் 2 கிலோமீட்டர் வரை. ஆனால் குடிமக்களுக்குப் பிறகுதான் நிரந்தரவாசிகள். பள்ளி வாசலிலேயே குடியிருந்தாலும் அப்படித்தான். நிரந்தரவாசியான எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. அதனால் கூட்டம் முட்டாத பள்ளி ஒன்றையும் சேர்த்தே வீடு தேடினோம்.

தூரத்தைக் காட்டிப் பள்ளியில் இடம் பிடித்தால், தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதம் அதே முகவரியில் இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

தமிழை மறந்துவிடாதீர்கள். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு அங்கேயே நடப்பதில்லை. பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

கடைசியில், காலை ஏழு மணிக்குப் பிள்ளையோடு அந்த வழியில் நடந்து பாருங்கள். என் மகள் முதல் சிக்னலிலேயே பையை என் தோளுக்கு மாற்றிவிட்டாள்.