பழைய கொட்டகையின் வரலாற்றைச் சேகரிப்பது எப்படி: கோவை வெரைட்டி ஹாலை வைத்து ஒரு வழிகாட்டி

கோவை டவுன்ஹால் பக்கம் யாரை நிறுத்தி வெரைட்டி ஹால் ரோடு எது என்று கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். அந்த ஹால் எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, ஊர் ஊராக டெண்ட் அடித்துப் படம் காட்டி, 1914-இல் சொந்த ஊரில் எழுப்பிய கொட்டகை அது. பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. பழைய பெயர் ரோட்டில் தங்கிவிட்டது.

இந்த மாதிரி ஒரு கொட்டகை பல ஊர்களில் உண்டு. அதன் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பெரியவர்கள் சொன்ன ஆண்டை அப்படியே எழுதிக்கொள்வது. ஆண்டைக் காகிதத்தில் தேடுங்கள். உள்ளே எப்படி இருந்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், இண்டர்வெல்லில் என்ன விற்றது என்பதை மனிதர்களிடம் கேளுங்கள். இரண்டையும் மாற்றிக் கேட்டால் இரண்டுமே தப்பாகத்தான் வரும்.

பெயர்ச் சீட்டு

வேலையைத் தொடங்கும்முன் ஒரு தாளில் கொட்டகையின் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். முதலாளி மாறினால் பெயர் மாறும். பேசும் படம் வந்ததும் பல கொட்டகைகள் வாலில் 'டாக்கீஸ்' சேர்த்துக்கொண்டன. எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது. 'வெரைடி', 'வெரைட்டி', 'வெரய்ட்டி' என்று மூன்று விதமாகவும் தேடுங்கள். இதைச் செய்யாமல் பழைய பத்திரிகையைப் புரட்டினால் கண்ணெதிரே இருக்கும் விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

காகிதம் எங்கே கிடைக்கும்

முதலில் நிலம். நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (டவுன் சர்வே எண்) மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவை கையில் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் வேலை நகராது. அடுத்தது வில்லங்கச் சான்று. பல சார்பதிவாளர் அலுவலகங்களில் 1975-க்குப் பிந்தையது கணினியில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, கைப்பட எழுதிய புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டுக்குத் தேடுகிறார்களோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். அதனால் மொத்தமாகக் கேட்காமல், கைமாறியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கும் பத்தாண்டை மட்டும் முதலில் கேளுங்கள்.

பிறகு லைசென்ஸ் கோப்பு. 1918-இன் சினிமாட்டோகிராஃப் சட்டம் படம் காட்டும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. 1955-இல் மாநிலத்துக்கே தனியாக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தியேட்டர்காரர்கள் 'சி ஃபார்ம்' என்று சொல்லும் அந்த லைசென்ஸோடு சேர்ந்த கோப்பில் கட்டட வரைபடம், வகுப்புவாரி இருக்கை எண்ணிக்கை, மின்சாரச் சான்று எல்லாம் இருக்க வாய்ப்புண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் "தியேட்டரின் வரலாறு வேண்டும்" என்று எழுதுவார்கள். "அவ்வாறான தகவல் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். "மேற்படி டி.எஸ். எண்ணில் இயங்கிய திரையரங்கின் உரிமக் கோப்பைப் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். வரலாற்றை அவர்கள் எழுதித் தர மாட்டார்கள், ஆனால் கோப்பைக் காட்ட வேண்டும்.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று சென்னையில் இரண்டு இடங்கள். முன்னது அரசாணைகளுக்கு, பின்னது பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பழைய பத்திரிகைகளுக்கு. போகும்முன் பெயர்ச் சீட்டை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ஆண்டு போடாத நோட்டீஸின் ஆண்டைப் பிடிப்பது

சேகரிக்கிறவர்களுக்கு அதிகம் கிடைப்பது பிட் நோட்டீஸ்தான். மாட்டு வண்டியில் பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக வீசிப் போனது. கிழமை இருக்கும், தேதி இருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது. நாளைக்கு நடக்கும் ஆட்டத்துக்கு யார் ஆண்டு போடுவார்கள்?

'14-ந் தேதி செவ்வாய், ஏப்ரல்' என்று ஒரு நோட்டீஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1914 ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமைதான். உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். 1925, 1931, 1942 ஆகிய ஆண்டுகளுக்கும் அதே நாட்காட்டிதான். கிழமை சில ஆண்டுகளை விலக்கிக் காட்டும், அவ்வளவே.

தமிழ் ஆண்டின் பெயர் அச்சாகியிருந்தால் நல்ல அதிர்ஷ்டம். 'ஆனந்த' என்றிருந்தால் 1914 சித்திரை முதல் 1915 பங்குனி வரை. ஜனவரி, பிப்ரவரி ஆட்டத்துக்கு 1914 என்று எழுதிவிடும் தப்பு இங்கேதான் நடக்கிறது. ஆனந்த ஆண்டின் தை மாதம் 1915-இல் வருகிறது. அறுபது ஆண்டு கழித்து 1974-75-இலும் ஆனந்த ஆண்டு வந்ததால், காகிதத்தையும் எழுத்து வார்ப்பையும் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

வேறு அடையாளங்களும் உண்டு. 'டாக்கி' என்ற சொல் இருந்தால் 1931-க்கு முன்னால் போக வாய்ப்பு குறைவு. டிக்கெட் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சகத்தார் பழக்கத்தில் சில காலம் அணாவே போட்டிருக்கலாம், அதனால் இதை உறுதியான எல்லையாக எழுதாதீர்கள். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகுதான். இதில் சந்தேகமே வேண்டாம்.

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். 1867-இன் அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட்டே ஆக வேண்டியிருந்தது. மேலே கிழிந்து படத்தின் பெயரே போயிருந்தாலும் இந்த வரி பிழைத்திருந்தால் ஊர் தெரிந்துவிடும். கொட்டகைக்காரரே அச்சகமும் வைத்திருந்ததுண்டு, வின்சென்ட்டும் நடத்தினார். அதனால் இந்தப் பொடி எழுத்தை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்வது பெரும் பாவம்.

போஸ்டரைப் பார்த்து ஆண்டு சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் படம் வெளியான ஆண்டு, அந்தப் புகைப்படம் அதற்கு முன்னால் எடுத்ததில்லை என்பதை மட்டுமே சொல்லும். பழைய படம் திரும்பத் திரும்ப ஓடிய ஊர்கள் இவை.

பெரியவர்களிடம் பேசுவது

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். இன்று 85 வயதானவர் பிறந்ததே 1940 வாக்கில். விவரம் தெரிந்து கொட்டகைக்குள் போனது 1947, 48-இல். வின்சென்ட் இறந்தது 1942. ஆக, வெரைட்டி ஹாலின் மௌனப்பட நாட்களைப் பற்றி இன்று யார் சொன்னாலும் அது அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டதுதான். அதைத் தள்ள வேண்டாம். குறிப்பில் 'கண்டது', 'கேட்டது' என்று தனித்தனியாகக் குறியுங்கள். பத்திரிகையில் படித்ததைத் தன் நினைவாகச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லோரும் பயன்படுத்தும் அதே வாக்கியம் வந்தால் உஷாராகுங்கள்.

யாரைத் தேடுவது? முதலாளி வீட்டாரிடம் எல்லோரும் போவார்கள். ஆப்பரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவர், போஸ்டர் ஒட்டியவர், சோடா கடை வைத்திருந்தவர்: இவர்களிடம்தான் சரக்கு இருக்கிறது.

"எந்த வருஷம்?" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் தடுமாறி, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொள்வார். "ஏனுங்க, வாசல்ல நுழைஞ்சா திரை எந்தப் பக்கமுங்க?" என்று கேளுங்கள். "மேக்கால" என்று கை தானாக நீளும். ஏ3 தாளையும் பென்சிலையும் கொடுத்து வரையச் சொல்லுங்கள்: தரை டிக்கெட் எதுவரை, பெஞ்சு எங்கே தொடங்கியது, பெண்கள் பக்கம் எது, தூண் எத்தனை, ஆப்பரேட்டர் ரூமுக்கு ஏணியா படியா. மூன்று பேர் தனித்தனியாக வரைந்ததில் பொருந்துவதை நம்பலாம். ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவரின் கொட்டகைதான் மூன்று தாளிலும் வரும். ஆண்டு தேவையானால் கல்யாணம், பிள்ளை பிறப்பு, ஊரில் வந்த வெள்ளம் என்று சுற்றி வாருங்கள்.

ஒலிப்பதிவுக்கு போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள், துணி மடித்து அதன்மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரி விழும். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாவிட்டால் அதற்கு நேர் கீழே உட்காராதீர்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பெயரைப் போடலாமா என்று எழுத்தில் சம்மதம் வாங்குவது முடிந்த பிறகு வேண்டாம், தொடங்கும்முன்பே வாங்குங்கள்.

கட்டடம் நின்றால்

உரிமையாளர் அனுமதியோடு 30 மீட்டர் டேப்பில் நீளம், அகலம் எடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இல்லையென்றால் ஹாலின் மூலைகள் செங்கோணம் தப்பியிருக்கின்றன, பெரும்பாலும் பின்னால் சேர்த்த சுவர் ஒன்று இருக்கும். தரையின் சரிவைக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலில் பார்க்கலாம்.

அதிகம் பேசுவது ஆப்பரேட்டர் ரூமின் முன்சுவர்தான். ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு ஓட்டை: ஒன்று ஒளி போக, ஒன்று ஆப்பரேட்டர் பார்க்க. பூசி அடைத்த ஓட்டைகளையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரே புரொஜெக்டர் இருந்த காலத்தில் ஆயிரம் அடி ரீல் ஒன்று, நொடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் சுமார் 17 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த ரீல் மாட்டும்வரை அரங்கைச் சும்மா வைக்க முடியாது; வித்தை, ஆட்டம், பேண்டு எல்லாம் அந்த இடைவெளிக்குள் நன்றாகப் பொருந்தின. இரண்டாவது ஜோடி ஓட்டை எப்போது வந்தது என்று கண்டுபிடித்தால் அந்த இடைவெளி மூடிய காலம் தெரியும். ஓட்டைக்கு மேலே இரும்புத் தகடு தொங்கிய கொக்கி இருந்தால் படம் எடுங்கள். சுருள் தீப்பிடித்தால் தகடு விழுந்து ஓட்டையை அடைக்க வைத்தது.

கைக்கு வரும் பொருட்கள்

நோட்டீஸை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பின்னால் பிரிக்க முடியாது. நோட்டீஸுக்கு 400 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

படச்சுருள் டப்பா வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட். கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய சுருளாக இருந்து, ஓரத்தில் 'நைட்ரேட்' என்றோ ஒன்றுமே இல்லாமலோ, பிசுபிசுப்பும் பழுப்புத் தூளுமாகவோ இருந்தால் அது தீக்குச்சிக்குச் சமம். தண்ணீருக்குள்ளும் எரியும். கொளுத்திப் பார்ப்பது, புரொஜெக்டரில் மாட்டிப் பார்ப்பது, தகரக் கூரைக்கடியில் பரணில் வைப்பது மூன்றும் கூடாது. நிழலில், காற்றோட்டமாக, வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, புணேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

'முதல்' என்ற சொல்

எழுத உட்கார்ந்ததும் "தென்னிந்தியாவின் முதல் தியேட்டர்" என்று கை போகும். நிறுத்துங்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயரின் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913-இல் வந்துவிட்டது. மௌனப்படக் கால முன்னோடி ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி தியேட்டர் 1914. நாடகக் கொட்டகைகளைச் சேர்த்தால் இன்னும் முந்தைய ஆண்டுகளுக்குப் போக வேண்டும். யார் கட்டியது, எதற்காகக் கட்டியது, டெண்டா நிரந்தரக் கட்டடமா, கட்டி முடித்த ஆண்டா திறந்த ஆண்டா என்று நான்காகப் பிரித்துப் பாருங்கள். கையில் இருக்கும் காகிதம் எதைத் தாங்குகிறதோ அதை மட்டும் எழுதுங்கள்: "தென்னிந்தியாவில் இந்தியர் கட்டிய நிரந்தரத் திரையரங்குகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று." வாசிக்கக் கொஞ்சம் சப்பென்றிருக்கும். நாளை யாராவது ஒரு மாதம் முந்தைய நோட்டீஸோடு வந்தாலும் இந்த வரியைத் திருத்த வேண்டியிருக்காது.