வெயிலில் நரைத்த தேக்கு ஊஞ்சல் பலகையை மீட்பது எப்படி?

மொட்டை மாடியில் இரண்டு மழைக்காலம் கிடந்த தேக்குப் பலகை சாம்பல் நிறமாகிவிட்டால், பலரும் உடனே இழைப்புளியால் சீவத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டியதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்க, மழைநீர் அதைக் கழுவிச் செல்வதால் உண்டாகும் நரை அது; பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது.

முதலில், சங்கிலி மாட்டும் துளைகளின் ஓரத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். முனை மெத்தென்று உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. ஆள் உட்காரும் பலகை என்பதால் அதை மாற்றிவிடுவதே நல்லது.

உறுதியாக இருந்தால், சோப்புத் தண்ணீர் ஊற்றி, நைலான் பிரஷால் மர ரேகையின் போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் கூடாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகள் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருநீலப் புள்ளிகளாகிவிடும். சங்கிலித் துளைகளைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் கறுப்புக் கறையும் அப்படி வந்ததுதான்.

அந்தக் கறைக்கும் மிச்ச நரைக்கும் ஆக்ஸாலிக் அமிலமே மருந்து. பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறத்தாழ 30 கிராம் தூளைக் கரைத்து, பலகை முழுவதும் ஒரே சீராகப் பூசி, இருபது நிமிடம் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருங்கள். கறுப்பு மெல்ல வெளிறிப் பொன்னிறம் எழுவது கண்ணெதிரே தெரியும். இது நஞ்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம், குழந்தைகள் அருகில் வரக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். அமிலம் மிச்சம் இருந்தால், பிறகு உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

நிழலில் இரண்டு நாள் உலர்ந்தபின், 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என முடியுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் சரியாக உள்ளிறங்காது.

வெளியில் கிடக்கும் மரத்துக்கு வார்னிஷைவிட எண்ணெயையே நான் விரும்புவேன்; வார்னிஷ் வெடித்து உரிந்தால் மறுபடி முழுதும் சுரண்ட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாய்ல்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் சரிபாதி டர்பன்டைன் கலந்து முதல் பூச்சு, பின்னர் நாளுக்கொன்றாக எண்ணெய் மட்டும் இரண்டு பூச்சு. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தில் மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றலாம். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

ஒரு வாரம் கழித்து மாட்டுங்கள். நான் மறுநாளே மாட்டி உட்கார்ந்ததில், வெள்ளை வேட்டியில் பலகையின் ரேகை அப்படியே அச்சாகிவிட்டது.