டாப்ஸி: கோடு சாயாமல் எடுப்பது எப்படி

எங்கள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) பழக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஜெல்லைச் சூடாக்குங்கள் என்பதுதான். சில்லென்று பட்டால் குழந்தை வீறிடும், துடிப்பு 180-ஐத் தாண்டும், அப்புறம் எந்த அளவும் உருப்படாது. பால் சூடு பார்ப்பதுபோல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

வலது கீழறை பிறை வடிவம். சூத்திரம் போட்டுக் கொள்ளளவு பிடிக்க வராது. ஆனால் அதன் தசை பெரும்பாலும் நீளவாக்கில்தான் சுருங்குகிறது. அதனால் அது எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்பதை இப்படிப் பார்க்கிறோம்: வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ட்ரைகஸ்பிட் வால்வின் வளையம், ஒவ்வொரு துடிப்பிலும் இதய நுனியை நோக்கி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதே டாப்ஸி (TAPSE).

ப்ரோபை (உடலில் வைக்கும் கருவி முனையை) இடது மார்புக் காம்புக்குக் கீழே, சற்று வெளிப்பக்கமாக வைத்து நான்கு அறைகளையும் கொண்டுவாருங்கள். வலது கீழறையின் வெளிச்சுவர் முழுசாகத் தெரியும்வரை அவசரம் வேண்டாம். வால்வு இதழ் அந்தச் சுவரோடு சேரும் இடத்தில் எம்-மோட் கோடு (தன்மேல் நடக்கும் அசைவை நேரத்தோடு அலையாக வரைந்து காட்டும் கோடு) விழ வேண்டும். வளையம் நகரும் திசையும் கோட்டின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். திரையில் அலை ஓடும் வேகம் நொடிக்கு 100 மி.மீ. அலையின் அடியிலிருந்து உச்சிவரை செங்குத்தாக அளந்து, மூன்று துடிப்புகளின் சராசரி எடுங்கள்.

கோடு சாய்ந்தால் என்ன ஆகும்? நான் பட்டிருக்கிறேன். நுரையீரல் ரத்த அழுத்தம் குறையாத நிறைமாதக் குழந்தை ஒன்றுக்கு, நடு இரவில் 6.5 மி.மீ. என்று எழுதிவிட்டேன். இதயச் சுருக்கத்துக்கு வலுவூட்டும் மில்ரினோன் மருந்தைத் தொடங்கலாமா என்று பேச்சு எழுந்தது. மூத்த மருத்துவர் படத்தைத் திறந்து பார்த்தார். கோடு கிட்டத்தட்ட 35 டிகிரி சாய்ந்து கிடந்தது. ப்ரோபை ஒரு விரற்கடை வெளியே நகர்த்தி எடுத்தபோது 8. அவ்வளவு சாய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவு காணாமல் போகும்.

நிறைமாதக் குழந்தைக்குச் சுமார் 9 மி.மீ. இருக்கும். 26 வாரக் குழந்தைக்கு நாலரையைப் பார்த்துப் பதறாதீர்கள், அதன் இதயமே அவ்வளவுதான். கர்ப்ப வார அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கூடவே இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவர் தட்டையாகிறதா, ட்ரைகஸ்பிட்டில் கசிவு உண்டா என்றும் பாருங்கள்.

எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எடை, பிறந்து எத்தனையாவது மணி நேரம், வென்டிலேட்டரில் இருந்ததா, அழுததா எல்லாம் பக்கத்தில் வேண்டும். மறுநாள் அளப்பவர் வேறு ஆளாக இருப்பார்.