சின்ன சபையில இருந்து ஊருக்கு உதவியா இருக்கறது எப்படி: ராம்நாடு கடற்கரை சிஎஸ்ஐ சபைக்காரங்களுக்கு

கமிட்டி மீட்டிங்ல அவுட்ரீச்னு, அதாவது சபைக்கு வெளிய ஊருக்குச் செய்யற உதவின்னு, யாராவது வாயைத் திறந்தா போதும், உடனே ஒரு மெடிக்கல் கேம்ப், நூறு பிரியாணி பொட்டலம், சேலை, மேல ஒரு ஃப்ளெக்ஸ், நம்மாளுங்களுக்கு அதுக்கு மேல ஓடாது. அதெல்லாம் வேணாம்னு சொல்லல, ஆனா மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி, சாயல்குடின்னு இந்தக் கரையில இருக்கற நம்ம தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) சபையெல்லாம் பெரும்பாலும் சின்னது, சுத்தி இருக்கறது ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) காரங்க, முஸ்லிம் தெரு, இந்து மீனவர் குப்பம், நம்ம கையில காசும் கம்மி ஆளும் கம்மி, அதனால எதைச் செஞ்சா நிக்கும்னு பார்த்துத்தான் செய்யணும். அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

வெளிநாட்டுல எபிஸ்கோப்பல் சர்ச்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அமெரிக்காவுல ஆங்கிலிக்கன் வழி, அதாவது இங்கிலாந்து திருச்சபை வழி, வந்த சபை அது. நம்ம சிஎஸ்ஐயும் அதே ஆங்கிலிக்கன் குடும்பத்துலதான் இருக்கு, 1947 செப்டம்பர் 27-ம் தேதி மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் காரங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்ததுதான் நம்ம திருச்சபை. அந்த அமெரிக்க சபையில வெஸ்ட்ரின்னு ஒரு குழு பணத்தையும் கட்டடத்தையும் பார்த்துக்கும், இங்க பாஸ்ட்ரேட் கமிட்டி. அதனால அவங்க எழுதி வச்சிருக்கற அவுட்ரீச் ஐடியா நிறைய நமக்கும் ஒத்து வரும், ஆனா அங்க ஃபுட் பேன்ட்ரி, அதாவது இல்லாதவங்களுக்கு சாப்பாட்டுச் சாமான் குடுக்கற இடம், வச்சா ஓடுறது இங்க ஓடாது, இங்க ரேஷன் அரிசி வீட்டுல இருக்கும், இல்லாதது வேற.

முதல்ல தேதி. சர்ச் காலண்டரைப் பார்த்து தேதி குறிக்காதீங்க, கடலைப் பார்த்துக் குறிங்க. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாள்தான் போகும், திங்கள், புதன், சனி, மத்த நாலு நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன ஆளு ஞாயித்துக்கிழமை காலையில மீனை இறக்கிட்டு அசந்து போய்த் தூங்குவாரு, அவரை 11 மணிக்கு மெடிக்கல் கேம்புக்கு வரச் சொன்னா எப்படி வருவாரு, அவர் வீட்டுக்காரம்மா அப்ப ஏலக்கூடத்துல நிக்கும். பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்கு வேற கணக்கு, அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும்தான் கடலுக்குள்ள இறங்குவாங்க, அந்த நாள்ல பெண்கள் கூட்டம் வச்சா காலி நாற்காலிக்குத்தான் ஜெபம் பண்ணணும். வாடைக் காலத்துல வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், கச்சான் காத்து அடிக்கறப்ப தென்கடல்ல (மன்னார் வளைகுடாப் பக்கம்) தொழில் படுக்கும், எந்தக் கடலை நம்பி உங்க ஊரு இருக்கோ அதை வச்சு எந்த மாசம் கையில காசு இருக்காதுன்னு சொல்லிரலாம். இதெல்லாம் தெரியாட்டி டீக்கடையில போய் பெரியவங்ககிட்ட கேளுங்க, "ண்ணே இந்த மாசம் எந்தக் கிழமை தோதுப்படும்"னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல சொல்லிருவாங்க.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். உங்க வருஷ வேலையில பாதியை இங்க வச்சிருங்க. ஆம்பளைங்க கரையில இருப்பாங்க, போட்டை ஏத்தி பெயிண்ட் அடிச்சு வலை பின்னிட்டிருப்பாங்க, பேச நேரம் இருக்கும், ஆனா வருமானம் இருக்காது. அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபா தடைக்கால நிவாரணம் குடுக்குது, ரெண்டு மாசத்துக்கு அது எம்மாத்திரம்னு உங்களுக்கே தெரியும், அதுவும் லேட்டா வந்தா அதுக்குள்ள வட்டிக்கு வாங்கிருப்பாங்க. எப்படியும் மே மாசம் நாம விபிஎஸ் (பிள்ளைங்களுக்கு லீவுல நடத்தற வேதாகமப் பள்ளி) நடத்துவோம், அந்தப் பத்து நாளும் வர்ற எல்லா பிள்ளைக்கும், எந்த மதமா இருந்தாலும், மத்தியானச் சாப்பாடு போட்டுருங்க, ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும் குடுங்க. சேலையை விட நோட்டு முக்கியம், இது என் அபிப்பிராயம், பெண்கள் ஐக்கிய சங்கத்துல இதுக்கு சண்டை வரும், வரட்டும்.

அடுத்து காசு. வெளியில கை ஏந்தறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற ரெண்டு வழியைத் தூசி தட்டுங்க. ஒண்ணு பிடி அரிசி. நம்ம பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருவாங்கல்ல, அதைத் திரும்ப ஆரம்பிங்க, இப்ப யாரும் அரிசி கொண்டு வர மாட்டாங்கன்னா ஒரு உண்டியல் டப்பா குடுங்க, பேரு அதே பிடி அரிசின்னே இருக்கட்டும், வயசானவங்களுக்கு உடனே புரியும். இன்னொண்ணு அறுப்புப் பண்டிகை ஏலம். இந்தப் பக்கம் அறுப்புன்னா நெல்லு மட்டுமா, முண்டு மிளகாய் வரும், கருப்பட்டி வரும், நெத்திலிக் கருவாடு வரும், யாராவது ஒரு முழு சீலா மீனைத் தூக்கிட்டு வருவாங்க, ஒரு எலுமிச்சம்பழம் ஐநூறு ரூபாய்க்குப் போகும் அன்னைக்கு. அந்த ஏலக் காசுல இத்தனை பங்கு ஊர் வேலைக்குன்னு பண்டிகைக்கு முன்னாடியே கமிட்டியில தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதிருங்க, அப்புறம் எழுதலாம்னு விட்டா சுத்துச்சுவர் கட்ட போயிரும்.

வெளிநாட்டு சபைக்காரங்க யாராவது ஆசையா பணம் அனுப்பறேன்னு சொன்னா சந்தோஷத்துல உங்க சொந்த அக்கவுண்ட் நம்பரைக் குடுத்துராதீங்க. எஃப்சிஆர்ஏ 2010-ங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது, 2020 திருத்தத்துக்கு அப்புறம் பதிவு இருக்கறவங்க கூட டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் வாங்கணும், வாங்கினதை இன்னொரு அமைப்புக்கு மாத்தியும் விடக்கூடாது. நேரா மதுரை இராமநாதபுரம் திருமண்டல ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும். ஆனா துபாய், சவூதின்னு போய் உழைக்கற நம்ம பிள்ளைங்க இந்தியன் பாஸ்போர்ட்லதான் இருக்காங்கன்னா, அவங்க சொந்தச் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது, அவங்களைக் கேளுங்க, கேட்டா குடுப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்தக் கரையில ஒரு சின்ன சபை செய்யக்கூடியதுலயே பெரிய வேலை எதுன்னு கேட்டா ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, எழுதப் படிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரு, அவ்வளவுதான். வாரம் ஒரு நாள் சாயங்காலம் சர்ச் வராண்டாவுல அந்த மேஜையைப் போட்டு ஃபார்ம் எழுதிக் குடுங்க. எல்லா சபையிலயும் ரிட்டயர்டு வாத்தியாரோ டீச்சரம்மாவோ தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்தவரோ ஒருத்தராவது இருப்பாங்க, அவங்க வீட்டுல சும்மா டிவி பார்த்துட்டுத்தான் இருக்காங்க.

ஏன் இதுன்னா, இங்க சனங்களுக்கு வர வேண்டிய காசு பாதி பேப்பர்லதான் மாட்டிக்கிட்டு நிக்குது. மீனவப் பெண்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு, 1,500 ரூபா கட்டினா அரசு 3,000 சேர்த்து 4,500-ஆ தொழில் இல்லாத மாசத்துல திருப்பித் தரும், இதுல சேர மீனவர் கூட்டுறவு சொசைட்டியில உறுப்பினர் ஆகியிருக்கணும், கட்டின ரசீது பத்திரமா இருக்கணும். மீனவர் நல வாரிய அட்டை இருந்தாத்தான் பிள்ளைங்க படிப்பு உதவி, கல்யாண உதவி, விபத்துல போயிட்டா குடும்பத்துக்கு வர்ற தொகை எல்லாம், அதை நிறைய பேரு புதுப்பிக்காமயே விட்ருப்பாங்க. விதவை பென்ஷன், முதியோர் பென்ஷன், காப்பீட்டுத் திட்ட அட்டை இதெல்லாம் வேற. இதுல எங்க சிக்கும்னா பேருல சிக்கும். ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல வீட்டுல கூப்பிடற பேரு, ஆதார்ல அப்பா பேரை முன்னாடி போட்டு இன்னொண்ணு, பேங்க் அக்கவுண்ட் ரெண்டு வருஷமா வரவு செலவு இல்லாம படுத்துருக்கும், போன் நம்பர் மாறியிருக்கும். இதை ஒவ்வொண்ணா சரி பண்ணிக் குடுக்கறதுதான் வேலை. ஒரு பெரிய நோட்டுல வந்தவங்க பேரு, என்ன வேலை, எந்த ஆபீஸ்ல நிக்குது, அடுத்து எப்ப போகணும்னு எழுதிட்டே வாங்க. ஆதார் நகலையெல்லாம் சர்ச்ல சேர்த்து வைக்காதீங்க, வேலை முடிஞ்சதும் அவங்க கையிலயே குடுத்துருங்க. வாட்ஸ்அப்ல ஃபார்வேர்ட் பண்ணவே கூடாது. கூலி, டீக்காசு எதுவும் வாங்கக்கூடாது. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள், அன்னைக்கு மனு குடுக்கப் போறவங்களோட ஒரு ஆள் பஸ் ஏறிக் கூடப் போனா அதுவே பெரிய ஒத்தாசை, தனியா போற பொம்பளையை எந்த ஜன்னல்லயும் மதிக்க மாட்டாங்க, கூட ஒரு டீச்சரம்மா நின்னா "உக்காருங்கம்மா"ன்னு சொல்லுவாங்க.

பக்கத்துல இருக்கற ஆர்சி கோயிலோட பங்குச்சாமி, ஜமாத் தலைவரு, குப்பத்து ஊர்த்தலைவரு எல்லார்கிட்டயும் மேஜை போடறதுக்கு முன்னாடியே நேர்ல போய் சொல்லிருங்க, பாஸ்டரும் கமிட்டி செக்ரட்டரியும் சேர்ந்து போகணும், சின்னப் பையனை அனுப்பக்கூடாது. சொல்லாம ஆரம்பிச்சா மதம் மாத்த வந்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை கிளம்பிரும், அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க. மேஜையில துண்டுப் பிரசுரம் வைக்காதீங்க, வந்தவங்களை உக்கார வச்சு ஜெபம் பண்ணிட்டு ஃபார்ம் எழுதற பழக்கமும் வேணாம். அவங்களா "எங்களுக்காக வேண்டிக்கங்க"ன்னு கேட்டா வேண்டிக்கங்க, கேப்பாங்க, இந்தக் கரையில ஏர்வாடி தர்காவுக்கும் போவாங்க ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் போவாங்க நம்மகிட்டயும் கேப்பாங்க.

டியூஷன் நடத்தறது நல்லதுதான், சீக்கிரம் சொல்லிடறேன். சாயங்காலம் 6-ல இருந்து 8, ரெண்டு பெரியவங்க எப்பவும் இருக்கணும், அதுல ஒருத்தர் பொம்பளை, எந்தப் பிள்ளையையும் தனியா ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போகக்கூடாது, கதவு திறந்தே இருக்கணும், பிள்ளைங்களைப் பாலியல் தொந்தரவுல இருந்து காக்கற போக்சோ சட்டம் என்ன சொல்லுதுன்னு எல்லா வாலண்டியருக்கும் சொல்லிக் குடுக்கணும், குழந்தைங்க உதவிக்கான 1098 நம்பரை சுவத்துல பெருசா எழுதிப் போடணும். மதப் பாடம் இதுல கலக்காதீங்க. ராம்நாடு ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்ல ராமேஸ்வரத்துல இருந்து வந்து அப்துல் கலாம் படிச்சாரு, அங்க அவருக்குப் பாடம்தான் சொல்லிக் குடுத்தாங்க, அதைத்தான் இந்த ஊரு இன்னைக்கும் பெருமையா சொல்லுது.

மழைக்காலத்துக்கு முன்னேற்பாடு செப்டம்பர்லயே முடிஞ்சிரணும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி போனது எல்லாருக்கும் தெரியும், அவ்வளவு தூரம் போக வேணாம், 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ-க்கு மேல கொட்டுச்சு, பாம்பன் தங்கச்சிமடம் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. உங்க சர்ச் ஹால் மேடான இடத்துல இருந்தா அது ஊருக்கே ஒதுங்கற இடம். ஹால் சாவி மூணு பேருகிட்ட இருக்கணும், அதுல ஒருத்தர் ஹாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரா இருக்கணும், பாஸ்டர் சினட் மீட்டிங்னு சென்னைக்குப் போயிருக்கற அன்னைக்குத்தான் புயல் வரும். டாய்லெட் ஓடுதான்னு பாருங்க, ஆளுங்க வர யோசிக்கறதே அதுக்குத்தான், முக்கியமா பொம்பளைங்க. தண்ணி கேன், தார்ப்பாய், பெரிய பாத்திரம், அடுப்பு, பிளீச்சிங் பவுடர், சானிட்டரி நாப்கின், பால் பவுடர், பேட்டரி லைட். போன் நம்பர் ஒரு அட்டையில எழுதித் தொங்க விடுங்க: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோர பாதுகாப்புக் குழுமம் 1093, கோஸ்ட் கார்டு 1554, ஆம்புலன்ஸ் 108. பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா அன்னைக்கே ஹாலைக் கூட்டிப் பெருக்கித் தயாரா வச்சிருங்க, ஆள் வந்தப்புறம் பெருக்கிட்டிருக்க முடியாது.

இலங்கை நேவி போட்டைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு செய்தி வர்ற அன்னைக்கு என்ன செய்யணும்? முதல்ல பிடிபட்டவங்க வீட்டுக்குப் போங்க, நம்ம சபைக்காரங்களா இல்லாட்டியும் போங்க, பாஸ்டரம்மாவும் ரெண்டு மூணு பொம்பளைங்களும் போய் சும்மா உக்காந்திருந்தாலே போதும், பேச்சுக் குடுத்துட்டே இருக்க வேணாம். அன்னைக்கு அந்த வீட்டுல உலை வைக்க மாட்டாங்க, சோறு கொண்டு போங்க. மறுநாள்ல இருந்து பேப்பர் வேலை, அவரோட மீனவர் அடையாள அட்டை, ஆதார், போட்டோட பதிவு, கடலுக்குப் போக வாங்கின டோக்கன் விவரம் எல்லாம் மீன்துறை ஆபீஸ்ல ஒப்படைக்கணும், சிறையில இருக்கற நாளுக்குக் குடும்பத்துக்கு அரசு தினசரி உதவித்தொகை உண்டு, அதுக்கு எழுதிக் குடுக்கணும், அதே மேஜைக்காரங்கதான் இதையும் பார்க்கணும். மூணாவது வாரம்தான் கஷ்டம், எல்லாரும் மறந்துருப்பாங்க, முதலாளிகிட்ட வாங்கின முன்பணத்தைக் கேப்பாங்க, பிள்ளை ஸ்கூலுக்குப் போகாது. மூணாவது வாரத்துல ஒரு பையும் ஒரு ஆளும் அந்த வீட்டுக்குப் போகணும்னு இப்பவே நோட்டுல எழுதி வச்சிருங்க.

போட்டோ விஷயம். வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு பிரசங்கம் கேட்டுட்டு நேரா வந்து பை வாங்கறவங்களை வரிசையா நிக்க வச்சுப் படம் எடுக்கறோம், நாளைக்கு அந்தப் பிள்ளை பெருசாகி அந்தப் படத்தைப் பார்க்கும். நன்கொடை குடுத்தவங்களுக்குக் காட்டணும்னா அடுக்கி வச்ச நோட்டையும் பில்லையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்.

கணக்கை மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆராதனை முடிஞ்சு அறிவிப்புல வாசிச்சிருங்க, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மேஜைக்கு வந்தது இத்தனை பேரு, முடிஞ்சது இத்தனை வேலை, பேரு எதுவும் சொல்லாம. மேஜையில உக்கார்றவங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, இல்லாட்டி ஒண்ணு அவங்க சலிச்சுப் போவாங்க இல்லாட்டி அடுத்த கமிட்டி எலெக்‌ஷன்ல நிப்பாங்க.